பாயின்ட் நாலு ஏழு

கட்டபெட்டு ஃபேக்டரியில் இரவு ஏழரைக்கு
இலை வாட்டும் காற்றாடிகளைப் போடுவார்கள்.
ஒவ்வொன்றுக்கும் என் ஆம்ப்ளிஃபயரில் ஒரு டொப்.
பதினோரு தொட்டி, பதினோரு டொப்.
பாடுகிறவர் யாரானாலும்
பதினோரு முறை தொண்டையில் அடிபடுவார்.

அங்கே சலிப்பு அறையில் வேலை தவமலருக்கு.
"எண்ணி வை,
ஒன்பதோடு நின்றால்
அன்றைக்கு இலை வரத்து குறைவு" என்பாள்.
டிக்கெட் கணக்கு பகலோடு போதும் எனக்கு.

முதலில் போட்டது தப்பு.
பழைய டிவியில் கழற்றிய கெபாசிட்டர்,
முதுகில் நானூறு வோல்ட்.
இருநூற்று முப்பதுக்கு நானூறு போதாதா?
போதும், மின்சாரம் கணக்குப் பார்த்து வந்தால்.
கோடநாட்டுப் பக்கம் ஓர் இடி இறங்கினால்
கம்பி வழியே ஒரு கணம்
ஆயிரமாக எட்டிப் பார்த்துவிட்டுப் போகும் இங்கே.
ஐப்பசியில் ஒரு ராத்திரி பார்த்தது.
மரப்பெட்டி இடுக்கெல்லாம் புகை,
மீன் கருகிய நாற்றம்.
ஓடிப்போய்ப் பிளக்கைப் பிடுங்கினேன்.

குன்னூரில் ஹனீப் கடை.
"லைனுக்குக் குறுக்கே நிற்கப் பிறந்தது வேற.
எக்ஸ் டூன்னு எழுதியிருக்கும்.
அடிபட்டா தன் காயத்தைத் தானே சுட்டு ஆத்திக்கும்.
பதினஞ்சு ரூபாய்க்குப் பார்த்து வீட்டைக் கொளுத்தாதீங்க."
பாயின்ட் நாலு ஏழு,
தீப்பெட்டியில் பாதி.
கூடவே இரண்டு நீல வட்டு, ஒய் ஜாதி,
எர்த்துக்கு இழுக்க.
"எர்த் இருக்குல்ல?"
இருக்கிறது என்றேன்.
பிளக் பாயின்ட்டில் மூன்றாவது ஓட்டை இருந்தது.

டொப் போயிற்று.
காது வைத்துக் கேட்டால் இரண்டோ மூன்றோ,
பக்கத்து வீட்டில் யாரோ சொடக்கு முறிப்பது போல.
அடியில் ஓடும் ம்ம்ம் மட்டும் அசையவில்லை.

பிளக்கை உருவிப் பின்னைத் தொட்டவனுக்கு
முழங்கை வரை ஒரு குத்து.
வெளியே வந்தும் மீதியைத் தராமல்
பையில் வைத்திருந்தது பாயின்ட் நாலு ஏழு.
கண்டக்டரைப் பார்த்தா இந்த வேலை!
ஒரு மெகா ரெசிஸ்டரைக் குறுக்கே பற்றவைத்தேன்.
இப்போது மூன்று நொடிக்குள் சில்லறை செட்டில்.

ஈரத்துணியோடு பெட்டி துடைத்தாள் தவமலர்.
"இதுல எறும்பு ஏறியிருக்கு."
எறும்பு இல்லை.
டெஸ்டரை வைத்தேன், செக்கச் சிவந்தது.
சுவிட்ச் போர்டைக் கழற்றினால்
மூன்றாவது ஓட்டைக்குப் பின்னால் பச்சை வயர்
சாண் நீளம்,
நுனியில் இன்சுலேஷன் டேப் சுற்றி
சுவருக்குள் சும்மா உட்கார்ந்திருந்தது.
ஒய் வட்டுகள் மண்ணில் கொட்ட வேண்டியதை
அவள் விரலில் கொட்டியிருக்கின்றன.

மார்கழியில் குழி வெட்டினேன்.
மூன்றடியில் பாறை, இடம் மாற்றி நாலரையில் பாறை.
கேரட் தோட்டத்திலிருந்து வந்த ஜோகண்ணன்
"நாய்க்கா?" என்று கேட்டான்.
பிறகு அவனே கடப்பாரையை வாங்கிக்கொண்டான்.
ஏழடிக் குழாய், இரண்டு மூட்டைக் கரி,
ஐந்து கிலோ கல்லுப்பு.

அன்று ராத்திரி
எறும்பும் இல்லை, ம்ம்ம்மும் இல்லை.
வயலின்காரர் வில்லைத் திருப்புமுன்
மூச்சு இழுப்பது கேட்டது.

ஷிப்ட் முடிந்து வந்தவள்
பெட்டி மேல் உள்ளங்கையை வைத்து நின்றாள்.
கொஞ்ச நேரம் எடுக்கவில்லை.
"எத்தனை போட்டாங்க இன்னைக்கு?"
தெரியவில்லை என்றேன்.
"ஆறு."

பங்குனியில் குழி காய்ந்துவிடுகிறது,
ம்ம்ம் திரும்பி வருகிறது.
லாரித் தண்ணீர் வாரத்துக்கு எட்டுக் குடம் எங்களுக்கு.
எட்டாவதை
வாசலிலேயே விட்டுவிட்டு உள்ளே வருகிறாள்.