எழுபது சதவீதம்

டுலூத் நகரின் மருந்துக்கடை
காலை எட்டுக்குத் திறக்கும்.
ஏழரைக்கே போய் வாசலில் காருக்குள் இருந்தேன்,
எஞ்சினை அணைக்க மனமில்லாமல்.
அணைத்தால் மறுபடி கிளப்ப வேண்டும்.
லைசென்ஸ் வாங்கிப் பதினோரு நாள் ஆகிறது.
வயது ஐம்பத்து மூன்று.

மூன்றாம் வரிசை, கட்டுத்துணிகளுக்குக் கீழே.
எழுபது சதவீதம் ஒரு புட்டி,
தொண்ணூற்றொன்று ஒரு புட்டி.
எழுபதை எடுத்து வெளிச்சத்தில் பிடித்தேன்.
மீதி முப்பது தண்ணீராம்.
எது தண்ணீர், எது ஆல்கஹால் என்று
உள்ளே கோடு ஏதும் தெரியவில்லை.

"காயமா?" என்றான் கல்லாப் பையன்.
சட்டையில் கைலர் என்று பெயர் குத்தியிருந்தது.
"கார்" என்றேன்.
"காருக்குக் காயமா?"
கிண்டல் இல்லை. நிஜமாகவே கேட்டான்.

பசை.
பன்னிரண்டு வருஷம்
ஹால்வர்சன் ஓட்டுநர் பள்ளியில் உழைத்த நீலக் கார்.
பள்ளியை மூடினார்கள், மலிவாகக் கிடைத்தது.
பக்கத்து இருக்கைக்கும் ஒரு பிரேக் உண்டு,
அதைக் கழற்றிவிட்டுத்தான் கொடுத்தார்.
கழற்றிய இடத்தில் இரண்டு துளை.
கம்பளத்தில் செருப்பளவு தேய்மானம்:
ஒரு மனிதர் பன்னிரண்டு வருஷம் பயந்த இடம்.

கதவுகளிலும் டிக்கியிலும் இருந்த ஸ்டிக்கரை
அவரே உரித்திருந்தார்.
பசை வரவில்லை.
கோடைப் புழுதி அதில் வந்து ஒட்டி
எழுத்துகளைத் திரும்ப எழுதிவிட்டது,
கறுப்பில், முன்னைவிடத் தெளிவாக:
கற்பவர் ஓட்டுகிறார். பொறுத்தருள்க.

வேலிக்கு அந்தப் பக்கம் ரூடி மாட்டிலா,
முப்பது வருஷம் ரயில் பெட்டிக்குப் பெயின்ட் அடித்தவர்.
"அப்படியே ஊற்றிவிடாதே மார்லிஸ்,
பாதிக்குப் பாதி தண்ணீர் கல.
முதலில் பெட்ரோல் மூடிக்குப் பின்னால்,
யாரும் பார்க்காத இடத்தில் ஒரு சொட்டு.
துணியில் நிறம் வந்தால் நிறுத்து.
வெயிலில் செய்யாதே."

அக்டோபர் டுலூத்தில்
வெயிலுக்கு எச்சரித்த ஒரே ஆள் அவர்தான்.

"ஏற்கனவே முப்பது தண்ணீர் இருக்கிறதே ரூடி?"
உதடு அசையக் கணக்குப் போட்டார்.
"முப்பத்தைந்து வரும். அவசரமில்லாவிட்டால் போதும்."

அவசரமில்லை.
துணியை நனைத்து எழுத்தின் மேல் ஒட்டவைத்து
இருபது எண்ணினேன்.
விரல் நுனி சில்லிட்டது.
ஊசி குத்துமுன் வரும் அதே வாசனை,
உடம்பு தானாகவே கொஞ்சம் இறுகியது.
பசை அழிப்பான் தூள்போல
உருண்டு உருண்டு வந்தது.
பொறுத்தருள்க போக நாற்பது நிமிடம்.
தொலைபேசி எண்ணின் கடைசி ஏழு
மதியம்வரை முரண்டுபிடித்தது.

இருபத்தொன்பது வருஷம் ஆர்லன் ஓட்டினான்,
நான் பக்கத்தில் வரைபடம் பிடித்தேன்.
மார்ச்சில் டிரக்கை எடுத்துக்கொண்டு
அரிசோனா போய்விட்டான்.
வரைபடம் என்னிடம்தான் இருக்கிறது.

துடைத்து முடித்துப் பத்தடி தள்ளி நின்று பார்த்தேன்.
பசை இல்லை. எழுத்து இருந்தது.
சுற்றிலும் நீலம் வெளுத்திருக்க
ஸ்டிக்கர் மறைத்த இடம் மட்டும்
கார் வாங்கிய நாளின் நீலம்,
ஒவ்வொரு எழுத்தாக.

ரூடி வேலி தாண்டி வந்து
கட்டை விரலால் தடவிப் பார்த்தார்.
"இது அழுக்கில்லை. இதை எதுவும் துடைக்காது.
மெருகு மிஷின் போடலாம், நானூறு டாலர்."
பிறகு, கொஞ்சம் யோசித்து,
"அழகாகத்தான் இருக்கிறது" என்றார்.

மீதிப் புட்டியை மூடி இறுக்கிக்
கராஜ் அலமாரியில் வைத்தேன்.

மறுநாள் லேக் அவென்யூ ஏற்றத்தில் சிவப்பு விளக்கு.
கீழே ஏரி முழுவதும் கண்ணாடியில் தெரிந்தது,
அதற்கு முன்னால் மரம் ஏற்றிய லாரி.
பச்சை விழுந்தது.
காலை மாற்றுவதற்குள் கார்
அரை முழம் பின்னால் உருண்டது.
ஹாரனுக்காகத் தோளைக் குறுக்கிக்கொண்டேன்.

வரவில்லை.
லாரிக்காரர் கண்ணைச் சுருக்கி
என் டிக்கியைப் படித்துக்கொண்டிருந்தார்.
படித்து முடித்து, ஸ்டியரிங்கிலிருந்து
நாலு விரலை மட்டும் தூக்கினார்.

போனேன், நிதானமாக.
அவருக்கும் அன்று எங்கோ அவசரம் இருந்திருக்கும்.