தெரியுதா

கச்சான் காற்று தொடங்கினால்
பெரியநீலாவணையிலிருந்து பாண்டிருப்பு வரைக்கும்
டிஷ் எல்லாம் தலை திரும்பி நிற்கும்.
எங்களுக்கு அதுதான் வேளாண்மை.

நான் கூரையில்.
ஹில்மி கீழே, டிவிக்கு முன்னால்.
'தெரியுதா?'
'இல்ல. இன்னும் கொஞ்சம்.'
'இப்ப?'
'புள்ளி புள்ளியா வருது.'
ஆறு வருடமாக நாங்கள் ஊர் கேட்கப் பேசிக்கொள்வது
இவ்வளவுதான்.

கூரையில் நிற்பவனுக்கு நாடகம் காதால்தான்.
ஓட்டு இடுக்கால் மாமியார் அழுவா,
ஒரே இடி மூன்று தரம் விழும்.
என்னைப் போல ஒருத்தன் வந்தால்
'டொய்ங்' என்று சத்தம் முதலில் வரும்,
ஆள் பிறகுதான்.
ஹில்மியின் ஆட்களென்றால் பிரியாணிச் சட்டி,
இல்லாவிட்டால் வெடி.
எங்கள் ஊர்த் தமிழுக்கு ஓர் அகதி;
'கதைக்கிறன்' என்பதை
நாக்குச் சுளுக்கியவன் போலச் சொல்வான்.
கொழும்பில் எடுக்கிற சிங்கள நாடகத்தில்
நாங்கள் இரண்டு பேரும் ஒரே கடைக்காரன்:
உடைந்த சிங்களம், மூன்று வசனம், கல்லாப்பெட்டி.
'பரவாயில்ல' என்றான் ஹில்மி,
மோட்டார் சைக்கிளில், என் முதுகுக்குப் பின்னால்,
'அந்தக் கடைக்குள்ளயாவது ஒண்ணா இரிக்கம்.'

கோகிலமக்கா வீட்டுக்குப் போனது ஐப்பசியில்.
துருப்பிடித்த கிளாம்ப் கையோடு வந்துவிட்டது.
ஏழரை நாடகம் தொடங்கியிருந்தது.
அரை மணித்தியாலம் டிஷ்ஷைக் கையால் பிடித்தபடி
தூறலில் நின்றேன். மடத்தனம்தான்.

மூன்று கிழமையாக ஒரு பொடியன்
கலியாணம் வேண்டாமென்கிறான், காரணம் சொல்லாமல்.
அக்கம்பக்கத்துப் பெண்டுகள் பந்தயம் கட்டியிருந்தார்கள்:
நோய் என்று ஒருத்தி,
வெளிநாட்டில் ஒரு பிள்ளை இருக்குதென்று ஒருத்தி.
அன்றைக்குச் சொன்னான்.
டொய்ங் இல்லை.
இடி ஒன்று விழுந்தது. அது கடல் பக்கம், நிஜ இடி.
என் கை நடுங்கினால் கீழே அவன் முகம் உடையும்.
நடுங்காமல் பிடித்தேன்.

கொஞ்ச நேரம் ஒருவரும் கதைக்கவில்லை.
பிறகு கோகிலமக்கா:
'இவ்வளவுதானா கா?
இதுக்கா மூண்டு கிழம இழுத்தானுகள்?'
யாரோ சிரித்தார்கள். யாரோ 'சீ' என்றார்கள்.
ஹில்மி என்ன முகத்தோடு நின்றான் என்பது
கூரைக்குத் தெரியாது.

அன்றிரவு மருதமுனைச் சந்தியில் இறங்கும்போது
உம்மா பெண் பார்த்திருப்பதாகச் சொன்னான்.
'நீ என்ன சொன்னாய்?'
'விளம்பர இடைவேளை எண்டு சொன்னன்.'
இரண்டு பேரும் சிரித்தோம்,
ஹெல்மட்டைக் கழற்றாமல்.

வெள்ளிக்கிழமை அந்தப் பொடியனை லொறி அடித்தது.
சனிக்கிழமை படத்துக்கு மாலை போட்டு அழுதார்கள்.
திங்கட்கிழமை தங்கச்சிக்கு மாப்பிள்ளை பார்க்கப் போனார்கள்,
அதே சோபாவில் இருந்து எழும்பி.

செவ்வாய்க்கிழமை போன்:
'தம்பி, அந்தப் பொடியன நாலு நாளாக் காணல்ல.
டிஷ் திரும்பிட்டுப் போல. ஒருக்கா வந்து பாருங்க.'
லொறி அடித்ததை அவவும் பார்த்தவதான்.
காற்றும் இல்லை.
ஏணியைக் கட்டிக்கொண்டு இரண்டு பேரும் போனோம்.

ஏறினேன்.
ஒரு போல்ட்டைக் கழற்றி அதே போல்ட்டைப் பூட்டினேன்.
'தெரியுதா?'
ஹில்மியிடமிருந்து சத்தமில்லை.
'ஹில்மி, தெரியுதா?'
குசினிப் பக்கமிருந்து அவவின் குரல்தான் வந்தது:
'தெரியுது தம்பி. முந்தியும் தெரிஞ்சதுதான்.
இறங்குங்க, ரெண்டு பேருக்கும் தேத்தண்ணி ஊத்தியிரிக்கன்.'

மழை விட்ட ஓடு வழுக்கும்.
இறங்க நேரமெடுத்தேன்.