கோடு வரை

எனக்கு ஒரு நாளைக்கு எழுநூறு மில்லி.
சோற்றில் விழுகிற ரசம், மாத்திரைக்கு ஒரு மடக்கு,
வாய் கொப்பளிக்கும்போது தொண்டை திருடுவது,
எல்லாம் கணக்கில் வரும்.
எவர்சில்வர் தம்ளரில் ஆணியால் கோடு கிழித்தது நான்தான்.
பணிமனையில் முப்பத்தோரு வருஷம்
பஸ் பாட்டரிக்கு வாலைநீர் ஊற்றிய கை.

கே.டி.சி. நகர் வீட்டு வாசலில் பூமருது.
ஆற்றங்கரை மருதுக்குப் பேரில் மட்டும் பங்காளி.
பாவூர்சத்திரம் நர்சரியில் எண்பது ரூபாய்.
சரள் மண்ணில் கடப்பாரை பொறி பறக்க
இரண்டு நாள் தோண்டிய குழி.

சிறுநீரகம் கைவிட்ட வருஷம்
வெறி பிடித்தவன்போல அதற்கு ஊற்றினேன்.
ஒன்றுவிட்டு ஒருநாள் வருகிற தாமிரபரணி,
அது தீர்ந்தால் போரிலிருந்து சவர்த்தண்ணீர்,
காலையும் மாலையும் தூரோடு சேர்த்து
பட்டை ஊற ஊற.
நான் குடிக்காததை எல்லாம் நீ குடி.
ரப்பர் குழாய்க்குள் ஓடுவதும்
இடது மணிக்கட்டில் குழலோடு குழல் தைத்த இடத்தில்
ரத்தம் இரைவதும்
ஒரே இரைச்சல்.

இலை வந்தது. உள்ளங்கை அகலத்துக்கு, வெளிறிப்போய்.
பிறகு அதுவும் மஞ்சள்.
தூரில் புளித்த மாவு வாடை.
சித்திரை வந்து வைகாசி போயிற்று,
ஒரு மொக்கு இல்லை.
"உரம் வையும்வே" என்றார் எதிர்வீட்டு பிரமநாயகம்.

ஐகிரவுண்டில் செவ்வாயும் வெள்ளியும்
நாலு மணி நேரம்.
எடை பார்க்குமுன் ஜெபக்கனி சிஸ்டர்
கணுக்காலில் கட்டைவிரலை அழுத்துவார்.
விரல் எடுத்த பிறகும் குழி நிற்கும்.
"என்ன அண்ணாச்சி, திருட்டுத் தண்ணியா?"
நான் பொய் சொல்லலாம். குழி சொல்லாது.

அன்று ஆட்டோவைவிட்டு இறங்கி
செருப்பைக்கூடக் கழற்றாமல்
மரத்தடி மண்ணில் விரலை இறக்கினேன்.
இரண்டாம் கணு வரை சேறு.
உருவிய பிறகும் மூடாத குழி.
என்னத்தச் சொல்ல.

அப்புறம் தூரில் ஊற்றவில்லை.
உச்சி நிழல் முடிகிற ஓரத்தில் அல்லவா
அது வாய் வைத்துக் குடிக்கிறது.
பழைய பெயிண்ட் வாளி, இருபது லிட்டர்,
அடியில் ஒரு ஆணித் துளை.
இடது கை கனம் தூக்கக் கூடாது,
வலது கையால் சொம்பு சொம்பாய் நிரப்பி
கிழக்கே கொஞ்ச நேரம், தெற்கே கொஞ்ச நேரம் என்று
விடியுமுன் தொடங்கினால் வெயில் ஏறிவிடும் ஒரு சுற்றுக்கு.
பிறகு எட்டு நாள், பத்து நாள், ஒன்றுமில்லை.
விரல் இரண்டு கணு இறங்கி
உலர்ந்து திரும்பினால்தான் அடுத்த வாளி.
சொட்டுவதைப் பார்த்தபடி
நாக்கடியில் ஒரு ஐஸ் கட்டி வைத்திருப்பேன்.
முப்பது மில்லி. நோட்டில் எழுதுவேன்.

கார்த்திகை மழையோடு வாளியைக் கவிழ்த்தேன்.
மாசிக்குள் இலையெல்லாம் செம்பாகி உதிர்ந்தது.
வெறும் குச்சி.
"கொன்னுட்டியளே" என்றாள் உலகம்மாள்,
வாசல் பெருக்குகிற கை நிற்காமல்.

உத்திரத்துக்குச் சாஸ்தா கோயில் போய் வந்த மறுநாள்
கிளை நுனிகளில் பச்சை மிளகு.
பிரமநாயகம் கண்ணாடி போட்டு வந்து பார்த்தார்.
வாளியை நிமிர்த்தினேன்.

இந்த வெள்ளிக்கிழமை
ஊசி எடுத்த இடத்துப் பஞ்சோடு வந்து
வழக்கம்போல விரலை விட்டேன்.
முறைநாள் இல்லை. ஈரம்.
தூரடியில் குடம் இருந்த வட்டம்.
அடுக்களையில் பாத்திரங்கள்
தேவைக்கு மேல் சத்தம் போட்டன.
நான் கேட்கவில்லை. அவளே சொன்னாள்.
"வெயில் அடிச்ச அடியில பாத்துக்கிட்டு இருக்க முடியல.
ஒரே ஒரு குடந்தான்."

ராத்திரி மாத்திரையோடு தம்ளர் வந்தது.
கோட்டுக்கு மேலே
சுண்டுவிரல் கனம் நின்றது தண்ணீர்.
எத்தனை நாளாகவோ.

கோடு வரை குடித்தேன்.
மிச்சத்தைக் கையில் வைத்துக்கொண்டு
வாசலில் நின்றேன்.
இருட்டில் முதல் பூ மலர்ந்திருக்கலாம், நிறம் தெரியவில்லை.
அதற்கும் இன்றைக்கு வேண்டாம்.

"உலகு" என்றேன்,
"இதை நீ குடி."