ஆறப்போட்டுக் கேட்டது

மூன்று தடவை வந்தாள் பெர்னடெட்.
மூன்று தடவையும் வண்டி வாய் திறக்கவில்லை.
நாற்பது கிலோமீட்டர் பனிச்சாலையில் ஓடி வந்த எஞ்சின்
என் பட்டறை வாசலில்
நல்ல பிள்ளையாக நின்றது.

முதல் தடவை ஆயில் மாற்றிக் கொடுத்தேன்.
அடுத்த தடவை
லிஃப்டராக இருக்கும், பழசாகிவிட்டது என்று
டப்பா மருந்து ஒன்றை ஊற்றினேன். பதினெட்டு டாலர்.
மூன்றாம் தடவை கையை விரித்தேன்.
கைபேசியில் பிடித்து வந்ததைப் போட்டுக் காட்டினாள்:
நிறையக் காற்று,
நடுவில் அவள் நாய் ஒருமுறை குரைத்தது.

'ஓரெஸ்ட்,
வீடு வீடாகப் போய் ஊசி போடுகிறவள் நான்.
டாக்டர் முன்னால் உட்கார்ந்ததும்
வலி காணாமல் போகிற ஆட்களை எனக்குத் தெரியும்.
அவர்கள் புளுகுவதில்லை.
இன்று ராத்திரி இது இங்கேயே கிடக்கட்டும்.'
சாவியை மேசையில் வைத்துவிட்டு
தங்கையின் காரில் ஏறிப் போனாள்.

பிரின்ஸ் ஆல்பர்ட்டில்
எல்லா வண்டியின் மூக்கிலும் ஒரு ஒயர் தொங்கும்.
விடிய விடிய கரண்டில் செருகி வைத்தால்தான்
காலையில் எஞ்சின் முகம் கொடுத்துப் பேசும்.
அன்றைக்குச் செருகவில்லை.
பாட்டரியை மட்டும் கழற்றி
உள்ளே ஹீட்டர் பக்கத்தில் படுக்க வைத்தேன்.
வெளியே மைனஸ் முப்பத்தொன்று.

ஆறரை மணி. இருட்டு விலக இன்னும் நேரமிருந்தது.
பாட்டரியை மாட்டி சாவியைத் திருகினேன்.
முனகியது, இழுத்தது, பற்றியது.
அப்புறம்

டச் டச் டச் டச்

யாரோ என்னைப் பார்த்து
உச்சுக் கொட்டுவது போல.

ரப்பர் குழாயின் ஒரு முனையைக் காதில் வைத்துக்கொண்டேன்.
மறுமுனையை மேலே வால்வு மூடியில் வைத்தால்
எப்போதும் உள்ள சலசலப்பு.
இன்ஜெக்டர்கள் தையல் மிஷின் ஓட்டின.
லிஃப்டர் பாவம், அது ஒன்றுமே செய்யவில்லை.
வலப்பக்கம் கீழே இறங்கி
புகை வெளியேறும் வார்ப்பிரும்பு ஓரமாய்
பின்னே, இன்னும் பின்னே,
கையுறை நுழையாத இடத்தில்
குழாய் வழியாக என் காதுக்குள்
ஃபூ என்று ஊதியது.

டார்ச் அடித்துப் பார்த்தேன்.
கண்மை கலைந்தது போல் ஒரு கரித்தீற்றல்.
ஆறு போல்ட்டில் கடைசியானதற்குத் தலை இல்லை.

கழுத்தை மடக்கியபடி பார்த்துக்கொண்டே இருந்தேன்.
நாலாம் நிமிடம் சத்தம் மெலிந்தது.
ஆறாம் நிமிடம் இல்லை.
சூடேறிய இரும்பு விரிந்து
தன் பிளவைத் தானே மூடிக்கொண்டது.
இரண்டு மாதமாய் நான் சோதித்ததெல்லாம்
இந்த ஆறு நிமிடத்துக்கு அப்புறமான வண்டியை.

உள்ளே முறிந்து கிடந்த துண்டின் மேல்
நட்டு ஒன்றை வைத்துப் பற்றவைத்துத் திருகினேன்.
நட்டு மட்டும் கையோடு வந்தது.
இன்னொன்று. அதுவும்.
மத்தியானம் சாப்பிடப் போகவில்லை.
மூன்றாவது நட்டு செக்கச்செவேலென்று இருக்கும்போதே
மெழுகுவர்த்தியை அதன் மேல் உருக விட்டேன்.
மெழுகு புரிகளுக்குள் இறங்கியது.
ஸ்பானரில் ஒரு கிரீச்,
அரை மயிரளவு அசைவு.
முன்னும் பின்னுமாய்க் கெஞ்சி,
நடுவில் அதன் அம்மாவையும் திட்டி,
வெளியே எடுத்தேன். வேர்க்கடலை நீளம்.

புது கேஸ்கெட் போட்டேன்.
பழைய ஐந்து போல்ட்டையும் நம்பவில்லை,
ஆறும் புதுசு.

பில்லில் பதினெட்டு டாலரைக் கழித்திருந்ததை
விரலால் தொட்டுப் பார்த்தாள்.
ஒன்றும் கேட்கவில்லை.
முறிந்த துண்டை வாங்கிக் கோட்டுப் பையில் போட்டுக்கொண்டாள்.

மூன்றாம் நாள் காலை ஐந்தே காலுக்கு போன்.
'டச் டச் போய்விட்டது.'
'சந்தோஷம்.'
'அது போனதும் அடியில் இன்னொன்று கேட்கிறது.
ரொம்ப மெல்லிசாக. விசில் மாதிரி.
ஸ்டார்ட் பண்ணின உடனே மட்டும்.'

நிச்சயமாகக் கேட்டதா என்று
நாக்கு நுனிவரை வந்தது.
'சாயங்காலம் கொண்டுவந்து விடு' என்றேன்,
'ஒயரைச் செருக மாட்டேன்.'