அரைப்புள்ளி

புத்தகத்தில் அது ஒரே ஒரு வரி.
முதல் பாகம், நாற்பத்தொன்றாம் பக்கம்:
'அதற்கு முன்பு ஒரு போர் நடந்தது;
ஒன்பது விளக்குகளும் அன்றுதான் அணைந்தன.'
அவ்வளவுதான்.
மொழிபெயர்த்தவர் களைத்துப்போய் விட்டுவிட்டாரா,
எழுதியவரே அப்படித்தான் எழுதினாரா, தெரியாது.
பதினோரு வயதிலிருந்து
அந்த அரைப்புள்ளிக்குள்தான் குடியிருக்கிறேன்.

இன்று அந்த வரிக்கு
இரண்டு மணி நாற்பது நிமிடம்.
இடைவேளை தனி.

நண்டுக் கம்பெனியில் காய்ச்சல் என்று சொன்னேன்.
முழுப் பொய்யும் இல்லை.
மூன்று முறை சோப்புப் போட்டும் நகக்கண்ணில் வாடை.
தங்கச்சிமடத்தில் பஸ் ஏறி,
பாலத்தில் காற்று அறைந்து,
ராமநாதபுரம் போய் இறங்குவதற்குள்
குவைத்திலிருந்து பெர்னதெத் நான்கு முறை:
'போய்ட்டியா?'
'போய்ட்டியாடி?'
'தோர்மக் எப்படி இருக்கான்?'
'கதையச் சொல்லிடாத. எப்படின்னு மட்டும் சொல்லு.'

மூன்றாம் பாகம் நூலகத்துக்கு வந்த அன்று
பொறுக்கமாட்டாமல்
முதுகோடு கிழித்துப் பங்கிட்டவர்கள் நாங்கள்.
பூவா தலையாவில் அவளுக்கு முன்பாதி.
எனக்குப் பின்பாதி.
ஆகவே தோர்மக் செத்ததை முதலில் அறிந்தேன்,
அவன் சிரித்ததை அப்புறம்.
மறுநாள் பாதிகளை மாற்றிக்கொண்டபோது
அவன் அடித்த ஒவ்வொரு கிண்டலுக்கும்
எனக்குத் தொண்டை அடைத்தது.
'ஏண்டி அழுவுற, அதுல ஒண்ணுமே நடக்காதே' என்றாள்.
ஒரு மணி நேரத்தில் அவளும் அழுதாள்.
அது வேறு அழுகை.
மைதாப் பசையில் ஒட்டித் திருப்பிக் கொடுத்தோம்.
நூலகர் பார்க்கவில்லை,
அல்லது பார்த்தார்.

திரையில் கடல் நீலமாக இருந்தது.
எங்கள் வடகடலும் இல்லை, தென்கடலும் இல்லை,
துணி போட்டுத் துடைத்த நீலம்.
அதன் கரையில் ஒன்பது விளக்குகள்.
நான் வைத்திருந்தவை
பாம்பன் கலங்கரை விளக்கத்தின் உயரம்தான்,
பெயிண்ட் உரிந்தவை, காகம் உட்காருபவை.
இவர்களுடையவை மேகத்தைத் தொட்டன.
பார்த்துக்கொண்டிருக்கும்போதே
என்னுடைய ஒன்பதும் ஒவ்வொன்றாக அணைந்தன,
ஒரு போரும் இல்லாமல்.

இல்வாராவுக்கு ஒரு காதலன் வைத்திருந்தார்கள்.
யார் கேட்டது?

புயல் கரையைக் கடந்துபோன பிறகு
துறைமுகத்தில் மூன்றாம் எண் கூண்டு ஏற்றினால்
எப்படி இருக்கும்?
அரங்கமே அண்ணாந்து பார்க்கிறது,
வருமா, வராதா.
எனக்கோ
எந்தெந்த வள்ளம் திரும்பவில்லை என்று
பெயர் பெயராகத் தெரியும்.
விசில் அடிக்கிறவர்கள் மேல் கோபம் வந்தது.
பொறாமையாகவும் இருந்தது.

இடைவேளைக்குப் பிறகு,
சண்டைக்கு நடுவில், திரையின் ஓரத்தில்,
ஒரு பையன் எட்டாம் விளக்குக்கு எண்ணெய் தூக்கிப்போகிறான்.
தடுக்கிக் கொட்டிவிடுகிறான்.
யாராவது பார்த்தார்களா என்று திரும்பிப் பார்க்கிறான்.
சட்டையைக் கழற்றித் தரையைத் துடைக்கிறான்.
பிறகு சிரிக்கிறான்.
பெயர் சொல்லவில்லை. சொல்லவும் வேண்டாம்.
அந்தச் சிரிப்பை எனக்குத் தெரியும்.

எந்தப் பாகத்திலும் இது இல்லை.
முப்பத்தொரு வருடமாக
அந்த வரிக்குள் கப்பல் கட்டினேன், வரைபடம் வரைந்தேன்,
அரசர்களுக்கு ஏழு தலைமுறை வம்சம் எழுதினேன்.
தோர்மக்குக்கும் ஒரு சட்டை இருந்திருக்கும்
என்று தோன்றவே இல்லை.

பக்கத்து சீட்டுப் பையன்
என்னைப் பார்த்துவிட்டு
பாப்கார்னை நீட்டினான்.
வாங்கிக்கொண்டேன்.

கடைசி பஸ்.
பாலத்துக்குக் கீழே, தெற்கே, வள்ளங்களின் வெளிச்சம்.
'மோசம்' என்று அடித்தேன், அழித்தேன்.
'அழுதுட்டேன்', அழித்தேன்.
'எண்ணெய் கொட்டுற எடம் ஒண்ணு வரும்'
அது கதை. அழித்தேன்.
கடைசியில் அனுப்பியது:
'பின்பாதிய மொதல்ல படிச்ச மாதிரி இருந்துச்சு.'
நீல டிக் விழுந்தது.
அவள் எழுதுகிறாள், நிறுத்துகிறாள்,
மறுபடி எழுதுகிறாள்.

வீட்டில் முதல் பாகம் இருக்கிறது,
சம்பளத்தில் வாங்கிய என் சொந்தப் பிரதி.
இன்றிரவு திறக்க மாட்டேன்.
திறந்தால்
அரைப்புள்ளிக்கு அந்தப் பக்கம் ஒரு பையன்
சட்டையைப் பிழிந்துகொண்டிருப்பான்.
கொஞ்சம் நகர்ந்து அவனுக்கு இடம் விட வேண்டும்.

இல்வாராவின் காதலனுக்கு
இடமில்லை.