பதினேழாம் பந்து

வெள்ளிக்கிழமை என்றால் முட்டை.
கடைசித் தேர்வைத் தாண்டியவளை
வாசற்படியிலேயே மடக்கித் தலையில் உடைப்பார்கள்.
அப்புறம் மாவு, கடுகுச் சாந்து,
ஒருமுறை ஒரு வாளி காப்பிச் சக்கை.
புவெனஸ் ஐரிஸில் பட்டம் அப்படித்தான் வரும்,
பேருந்துக்காரன் ஏற்ற மறுக்கும் கோலத்தில்.

கழுவுவது நான்.
வெந்நீர் ஆகாது,
முட்டை வெந்து கல்லோடு பிடித்துக்கொள்ளும்.
பச்சைத்தண்ணீர், வினிகர், கட்டைத் துடைப்பம்.
சட்டத்துறையில் இதற்குப் பாடம் இல்லை.

எதெல்வினா ஓஹேதா என்று
மாணவர் பதிவேட்டிலும் இருக்கிறேன், ஒன்பது வருடமாக.
இந்தப் பல்கலைக்கழகம் காசு கேட்காது,
தூக்கத்தைக் கேட்கும்.
இரவு வகுப்பில் நானூறு பேருக்கு
இருநூற்றுப் பத்து நாற்காலி.
மிச்சம் பேர் சன்னல் விளிம்பில்,
சூடேறாத வெப்பக்குழாய் மேல்.
பேராசிரியர் யாருக்கும் என் பெயர் தெரியாது.
நகல்கடை ஃபாபியானுக்குத் தெரியும்,
கடன் நோட்டில் மூன்றாம் பக்கம்.

தேர்தல் வந்தால் ஏழு கட்சிகளும்
துண்டறிக்கை நீட்டும்.
எல்லாவற்றுக்கும் பின்பக்கம் வெள்ளை.
என் குறிப்புகள் முழுக்க
புரட்சியின் முதுகில்தான்.

இன்று வாய்மொழித் தேர்வு.
கம்பிக்கூண்டைச் சுழற்றினார்கள்,
மரப்பந்து உருண்டு வந்தது: பதினேழு.
வைத்திருப்பதும் சொந்தமாவதும்.
"உதாரணம்?" என்றார், தாளிலிருந்து நிமிராமல்.
"விடிகாலை ஐந்துக்கு
இந்தக் கட்டடத்தின் சாவிக்கொத்து என் இடுப்பில்.
கட்டடம் என்னுடையது இல்லை."
நிமிர்ந்தார்.
"அப்படியானால் யாருடையது?"

நாக்கு ஒட்டிக்கொண்டது.
சுவரில் ஈரக்கறை ஒரு கண்டம்போல் பரவியிருந்தது,
அதையே பார்த்தேன்.
பத்துக்கு நாலு போட்டார்.
நாலு என்றால் தேர்ச்சி.

இருபத்தாறு பாடத்தில் பதினொன்று முடிந்தது.
பதினொன்றுக்கு யாரும் முட்டை உடைப்பதில்லை.
சீருடை மாட்டிக்கொண்டு வந்தால்
படியில் மிலாக்ரோஸ் என்றொரு பெண்,
கூட்டமே அவள் பெயரைக் கத்துகிறது,
இமையில் மஞ்சள்கரு வடிய நிற்கிறாள்.
துடைப்பத்தைக் கண்டதும் முகம் சுருங்கி
"மன்னிச்சிருங்க, ரொம்ப அசிங்கம் பண்ணிட்டோம்."
"பரவாயில்ல. கண்ணுல தேய்க்காதே."
கட்டிப்பிடிக்க வந்தாள், பின்வாங்கினேன்,
இருப்பது ஒரே சீருடை.

அவர்கள் போன பிறகு,
ஆறாவது படியைத் தேய்க்கும்போது வந்தது பதில்:
எல்லாருடையதும்.
அந்த எல்லாரில், ஐயா, நானும் ஒருத்தி.
யாருமில்லை கேட்க.
ஒரு நாய் மாவை நக்கிக்கொண்டிருந்தது.

அட்டைப்பெட்டிக்கு அடியில் ஒரு முட்டை,
உடையாமல்.
கைவிட்ட பொருள் எடுத்தவருக்குச் சொந்தம்.
அது இருபத்திரண்டாம் பந்து, நேற்றிரவு படித்தது.
சட்டைப்பையில் போட்டுக்கொண்டு
கடைசி ரயிலில் நின்றுகொண்டே வந்தேன்,
யாரும் இடிக்காதபடி ஒரு கை பொத்தி.

நள்ளிரவில் பொரித்தேன்.
உப்பு கொஞ்சம் கூடிவிட்டது.