இரண்டு மணி பதினைந்து நிமிடம்

மூன்று வாரத்துக்கொரு சனிக்கிழமை
ஏழே முக்காலுக்கு எங்களை வெளியே அனுப்பிவிடுகிறாள் ஸாவ்ரே,
என்னையும் அக்போட்டாவையும்.
நிஜத் தேர்வு எட்டு மணிக்கு என்பதால்
மாதிரித் தேர்வும் எட்டு மணிக்கு.
மேசைமேல் தண்ணீர் இல்லை, கைபேசி இல்லை.
ஃபிரிட்ஜின் முனகல்கூட ஆகாதென்று
பிளக்கைப் பிடுங்கிப் போட்டிருக்கிறாள்.
"முன்னாடியே வந்து கதவைத் தட்டினா
குறையிற மார்க் உங்க கணக்கு."

அல்மாட்டியின் பனியில் ஓர் ஐந்து வயதை
இரண்டேகால் மணி நேரம் எங்கே வைத்துக்கொள்வது?
டிராலிபஸ்ஸில்தான்.
ஒரு கடைசியில் ஏறி மறு கடைசி வரை,
அங்கே ஓட்டுநர் தேநீர் குடித்து முடிக்கும் வரை,
பிறகு அதே கம்பிகளின் கீழே திரும்பி.
போகும்போது இடது ஜன்னலில் இருந்த மலை
வரும்போது வலது ஜன்னலில்.
"மலை எழுந்து அந்தப் பக்கம் போயிடுச்சு"
என்று ஏறுகிறவர்களுக்கெல்லாம் சொல்வாள்.

டயர் கடைக்காரன் நான்.
எனக்குத் தெரிந்த கணக்கு நாலு சக்கரம், இருபது போல்ட்.
ஸாவ்ரே ஒருநாள் ஒரு கேள்வியைக் காட்டினாள்.
அது விடையைக் கேட்கவே இல்லை.
இரண்டு செய்திகளைக் கொடுத்துவிட்டு
விடை காண இவை போதுமா என்று மட்டும் கேட்டது:
முதலாவது மட்டும் போதுமா, இரண்டாவது மட்டுமா,
இரண்டும் சேர்ந்தா,
சேர்ந்தும் போதாதா.
"அப்போ கண்டுபிடிக்கவே வேண்டாமா?"
"கண்டுபிடிக்கிறவங்களுக்கு நேரம் பத்தாது."

535. 575. 565. 615.
எல்லாம் ஐந்தில்தான் முடியும், அந்தத் தேர்வின் வழக்கம் அது.
தப்புகளுக்கென்று ஒரு நோட்டு வைத்திருக்கிறாள், மூன்று கட்டம்:
தெரியாதது, அவசரம், ஆணவம்.
தெரியாதது இளைத்துக்கொண்டே வந்தது.
ஆணவம் பக்கத்துக்குப் பக்கம் கொழுத்தது.

ஐந்தாவது தேர்வில் 555.
முகம் கழுவிக்கொண்டு அவள் அம்மா வீட்டுக்குக் கிளம்பினோம்,
பிளக்கை யாரும் நினைக்கவில்லை.
ஞாயிறு இரவு கதவைத் திறந்தால்
சமையலறைத் தரையெல்லாம் சிவந்த தண்ணீர்.
குளிர்காலத்துக்கென்று வாங்கிய கால் பங்குக் குதிரை
மெத்தென்று இளகிக் கிடந்தது.
இருந்ததில் பெரிய அண்டாவை அடுப்பில் ஏற்றினோம்.
மாடிப்படி முழுக்கக் கூப்பிட்டோம்.
மேல்வீட்டு லியுத்மிலா கிம் சொந்தக் கிண்ணத்தோடு வந்தார்,
எதிர்வீட்டுப் பையன்கள் கையால் தின்றார்கள்,
என்ன விசேஷம் என்று கேட்டவருக்கு
"ஐந்நூற்று ஐம்பத்தைந்து" என்றாள் ஸாவ்ரே.
அவர் வாழ்த்துச் சொன்னார்.

இரவு இரண்டு மணிக்கு அண்டாவைத் தேய்த்தபடி,
"பதினேழாவது கேள்வி.
தெரியும். அவசரப்படலை. ஆணவமும் இல்லை.
படிக்கட்டுல இவ குரல் கேட்ட மாதிரி இருந்துது."
நாங்கள் அப்போது ஊரின் மறு கடைசியில்,
ஓட்டுநரின் தேநீர் தீரக் காத்திருந்தோம்.
ஈரக்கையோடு வந்து நோட்டில் நாலாவது கட்டம் கிழித்தாள்.
தலைப்பு எழுதவில்லை.

அந்தப் பள்ளிக்கூடம் இரண்டு விமானம் தள்ளி இருக்கிறது.
பத்து மாதப் படிப்பு.
"அம்மா அங்க போனா எத்தனை தடவை பஸ் ஏறணும்?"
என்று கேட்டு, பதிலுக்கு நிற்காமல்
கையுறைக்குள்ளேயே விரல் எண்ணுகிறாள் அக்போட்டா.
முதல் செய்தி: பத்து மாதம்.
இரண்டாம் செய்தி: அவளுக்குப் போக ஆசை.

ஒவ்வொரு பகுதியின் முடிவிலும்
மூன்று விடைகள்வரை திரும்பிப்போய் மாற்றலாமாம்.
எனக்கு ஒன்று கொடுத்தால் போதும்.
முதன்முதலில் "போகட்டுமா?" என்று அவள் கேட்ட இரவு
"கடன் கிடைக்குமா?" என்றேன் நான்.

நாளை ஆறாவது.
பிளக்கைக் கழற்றியாயிற்று;
மறுபடி மாட்டச் சொல்லி என் உள்ளங்கையில் பேனாவால் எழுதியிருக்கிறது.
போன முறை அக்போட்டாவின் கையுறை ஒன்று
பஸ்ஸிலேயே போய்விட்டது. என் அவசரம்.
இந்த முறை இரண்டு ஜோடி எடுத்து வைத்திருக்கிறேன்.